அறுபது அடிக்குக் கீழே

— இப்பல்லாம் எவன் தண்ணிய வாயில ஊத்திப் பாக்குறான்? பொட்டியத் தொறந்து பாத்துட்டு நல்ல தண்ணி, கெட்ட தண்ணிங்கிறாங்கெ. ஏ ஆத்தா, ஒம் பேரென்ன சொன்ன?

— கலைமதிங்க ஐயா. அந்தக் கம்பிய மிதிச்சிடாதீங்க, கரண்ட்டு ஓடுது.

— எங் கொல்லையில நான் மிதிக்கக் கூடாதா! செவந்தி, நீதான தண்ணி பாக்க இவள வரச் சொன்னவ?

— ஆமா மாமா. முந்நூறு அடி போர் போட நாளைக்கு லாரி வருது. அதுக்கு முன்னாடி கீழ என்ன கெடக்குன்னு பாத்துக்கிட்டா என்னவாம்? தெருவே நம்ம கெணத்துலதான குடிக்கிது.

— கீழ தண்ணிதான் கெடக்கும், கள்ளா கெடக்கும்? சித்திரையானா மோட்டாரு காத்தத் தள்ளுது, தென்னம்புள்ளையெல்லாம் கருகுது. இந்தா, இந்தா! கம்பியடியில என்னத்த ஊத்துற?

— உப்புத்தண்ணிங்க. மணல் காஞ்சு கெடக்குல்ல, நனைச்சாத்தான் கரண்ட்டு மண்ணுக்குள்ள எறங்கும்.

— கேட்டுக்கிட்டியா செவந்தி? மேல உப்ப ஊத்துவாளாம், அப்பறம் கீழ உப்புன்னு சொல்லுவாளாம்!

— ஒரு சொம்புத் தண்ணி எம்புட்டு ஆழம் போயிரும் ஐயா? கம்பியக் கிட்டக்க கிட்டக்க அடிச்சா கரண்ட்டு மேல் மண்ணோட சரி. தள்ளித் தள்ளி அடிச்சாத்தான் கரண்ட்டு ஆழத்துக்குப் போகும். உப்பு இருந்தா விறுவிறுன்னு ஓடிரும். நல்ல தண்ணின்னா மல்லுக்கு நிக்கும்.

— ஓகோ. அப்ப இங்கிட்டு, இந்த வேம்புக்கிட்ட என்ன சொல்லுது?

— அறுபது அடி வரைக்கும் நல்ல தண்ணி. மழைத்தண்ணி எறங்கி, உப்புத்தண்ணிக்கு மேல மெதக்குது. அதுக்குக் கீழ அம்புட்டும் உப்பு.

— தண்ணி மேல தண்ணி மெதக்குதா?

— உப்புத்தண்ணி கனமில்லையாங்க.

— அறந்தாங்கியில எஞ் சம்பந்தி முந்நூறு அடிதான் போட்டாரு. எளநி கணக்கா வருதே!

— அது உள்ள தள்ளி இருக்க ஊருங்க. நம்ம மணமேக்குடிக்குக் கடலு கூப்புடு தூரம். நீங்க முந்நூறு போட்டு இழுத்தீங்கன்னா உப்பு மேல ஏறிரும். குடிக்கிற கெணறும் போயிரும். அப்பறம் நம்ம காலத்துல திரும்பாது.

— அப்ப எந் தென்னைக்கு?

— நாப்பது அடியில ரெண்டு எடத்துல போடுங்க. ஒரேயடியா இழுக்காம, காலையில கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் எறைங்க.

— அந்த உப்ப நீ கண்ணால பாத்தியா?

— பாக்கலங்க. மிசின் நம்பரு சொல்லுது.

— நம்பரு! காதுல பூ வச்சுக்கிட்டா திரியிறேன்?

— மாமா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். பச்சப்புள்ளைகளுக்கு நாளைக்கு என்னத்தக் குடுப்பேன்?

— அழுவாத. இவளும் வெயில்ல கெடந்து கறுத்துட்டா. விடு, நான் போறேன்.

— எங்க மாமா?

— லாரிக்காரனப் பாக்க.

— போர் வேணாம்னு சொல்லத்தான?

— ஒங்க ரெண்டு பேரு பேச்சுக்கும் ஒரு மரியாத குடுக்கணும்ல? அம்பது அடி விட்டுக்குடுக்குறேன். எரநூத்தம்பதோட நிறுத்தச் சொல்லிடுறேன், போங்க.