ஒன்பது மணி மாத்திரை

– முகத்தைத் திருப்பாதீங்க அண்ணி. உங்க மேல இருக்கற கோபம் அப்படியேதான் இருக்கு. ஆனா இந்த டப்பாவைக் கையில வாங்குங்க. சரியா சாப்பிடறதில்லை, தூங்கறதில்லைன்னு கீழ்வீட்டுக்காரம்மா சொன்னாங்க.

– எட்டு மாசம் கழிச்சு என் படி ஏறினது இதுக்காகவா?

– அண்ணன் பொண்டாட்டியாச்சே, விட்டுட முடியுமா? தினம் ரெண்டு. மனசு லேசாகும். வெறும் செடிதான், பயப்படாதீங்க.

– மேல மஞ்சள் பூ போட்டிருக்கே.

– அந்தப் பூவோட சாறுதான் உள்ள இருக்கறது. அண்ணனுக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் ரிப்பேருக்கு வந்த கடிகாரத்தைக்கூடத் தொடாம இடிஞ்சு போய் உட்கார்ந்திருந்தானே, அப்ப. உங்ககிட்ட சொன்னா டாக்டர், டெஸ்ட்டுன்னு ஆரம்பிப்பீங்க. அதான் கடை டிராயர்ல வெச்சுக்கச் சொன்னேன்.

– ம்.

– வெறும் 'ம்'தானா? என்கிட்ட மறைச்சியாடின்னு குதிப்பீங்கன்னு நெனச்சேன்.

– டீ மடியில சிந்துது பாரு. கை ஏன் இப்படி நடுங்குது?

– ஒரு வாரமா இப்படித்தான். ஊசியில நூல் கோக்க முடியலை. தையல்காரிக்கு வந்த சோதனையைப் பாருங்க.

– வேர்வை வேற ஊத்துது. ஃபேன் உன் தலைக்கு மேலதான் சுத்துது. நீயும் இதைச் சாப்பிடறியா?

– பத்து நாளா. அண்ணன் போனதுலேர்ந்து மனசுக்குன்னு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கார். அதோட இதையும் சேர்த்துக்கிட்டேன். சீக்கிரம் கேட்கும்ல?

– அந்த டாக்டர்கிட்ட சொன்னியா?

– மருந்தா இருந்தா சொல்லலாம். பூவையெல்லாம் போய் யாராவது சொல்லுவாங்களா?

– கொசு, எழுந்திரு. செருப்பைப் போடு. இப்பவே டாக்டர்கிட்ட போறோம்.

– அண்ணன் கூப்பிட்ட பேரை நீங்க கூப்பிடாதீங்க. மருந்தைப் பத்தி நீங்களா எனக்குப் பாடம் எடுக்கறது? வயித்தைக் கிழிச்சு என் கிட்னியில ஒண்ணை அவனுக்குக் கொடுத்தேன். அது நிலைக்கணும்னா காலையில ஒன்பதுக்கு ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்பதுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் உங்க வேலை. அதுகூட உங்களுக்கு ஞாபகம் இல்லை.

– ஒரு வேளைகூடத் தப்பலை.

– ரத்தத்துல மருந்தே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களே!

– கடையில இருபத்து மூணு கடிகாரம். முதல் கடிகாரம் ஒன்பது அடிக்க ஆரம்பிக்கும்போது மாத்திரை அவர் நாக்குல இருக்கும். கடைசிக் கடிகாரம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள முழுங்கிட்டு எனக்குப் போன் பண்ணுவார். பின்னால டங் டங்னு சத்தம் கேட்கும். ராத்திரி மாத்திரை என் கையாலதான். காலி அட்டை அத்தனையும் பீரோவுல இருக்கு, வேணும்னா பார்த்துக்கோ.

– அப்ப அந்த மருந்து எங்க போச்சு?

– செருப்பைப் போடுன்னேன்.

– எங்க போச்சு அண்ணி?

– மேசை மேல வெச்சிருக்கியே, அந்த டப்பாவுக்குள்ள போச்சு. அந்தப் பூ உள்ள போனா, அவரோட மாத்திரையை உடம்புல தங்க விடாதாம். ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு டிராயர்ல இருந்து எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். பெரிய டாக்டர் அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டார்.

– இல்லை. அது செடி அண்ணி. எனக்கு அது நல்லாத்தான்...

– லேசான சோர்வுக்குச் சிலருக்குக் கேட்கும்னு அவரும்தான் சொன்னார். வேற மாத்திரையோட சேர்ந்தாதான் ஆபத்தாம். அதுலயும் மனசுக்குக் கொடுக்கற மாத்திரையோட சேரவே கூடாது, கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், உயிருக்கே ஆபத்து வந்துடும்னார். அதான் டீ சிந்தினதும் நீயும் இதைச் சாப்பிடறியான்னு கேட்டேன்.

– அப்ப... நான் கொடுத்த கிட்னியை நானே...

– அப்படியெல்லாம் பேசாதே. எழுந்திரு.

– சாவு வீட்டுல அத்தனை பேர் முன்னாடி, 'நீதான்டி கொன்னே'ன்னு உங்க தலைமுடியைப் பிடிச்சு உலுக்கினேனே. அப்ப ஏன் அண்ணி வாயைத் திறக்கலை?

– டாக்டர் வெளியே போனதும் உங்க அண்ணன் மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'கொசுவுக்கு இது தெரியவே கூடாது, தாங்க மாட்டா, மாத்திரையை நீதான் மறந்துட்டேன்னு சொல்லிடு'ன்னார். இன்னைக்கு உன் கை மட்டும் நடுங்காம இருந்திருந்தா, நான் சாகற வரைக்கும் மறந்தவளாவே இருந்திருப்பேன்.