மெராப் இறங்க வேண்டிய இடம்

காலை உடைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் கட்டிலில் கிடப்பது அப்படியொன்றும் மோசமான விஷயமில்லை, ஐயா. நான் கிடந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், அடுப்பில் விறகு சடசடக்கும், யாராவது சூப் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தது மெராப்.

அது எலிசோ வருவதற்கு வெகு காலம் முன்பு. பனியில் சறுக்கி வரும்போது ஒரு பாறையில் மோதி என் கணுக்கால் நொறுங்கிவிட்டது. அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டில் நான் ஒருத்தன்தான். மெராப் தலைநகர் திபிலிசியில் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தான். லீவு முடிந்த பிறகும் அவன் திரும்பிப் போகவில்லை. கொல்லைப்புறத்துக்குப் போக வேண்டுமென்றால் என்னை முதுகில் சுமந்துகொண்டு போவான். எங்கள் இன்னொரு நண்பன் கோச்சா அதைப் பார்த்துவிட்டு, "டேய் மெராப், கல்யாணப் பொண்ணக்கூட எவனும் இப்படித் தூக்கிட்டுத் திரிஞ்சதில்லடா" என்று கேலி செய்வான். சாயங்காலங்களில் நானும் மெராப்பும் பகடை உருட்டிக் காய் நகர்த்தி நார்தி ஆடுவோம். தோற்றால் அவனுக்கு மூக்கு சிவந்துவிடும். அதைவிட நல்ல குளிர்காலம் எனக்கு வாய்த்ததில்லை. கால் உடைவதைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும், அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

கணுக்கால் கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. அதோடு நான் இறக்கை கட்டிப் பறப்பதை விட்டுவிட்டேன். மெராப்பும் கோச்சாவும் மற்ற நண்பர்களும் விடவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். காலையில் மேலே போய்ச் சறுக்குவார்கள். காற்று சரியாக இருந்தால் மதியம் பறப்பார்கள். சறுக்குப் பலகையைக் காலில் கட்டியபடியே சரிவில் வழுக்கிக்கொண்டு வந்தால் முதுகுக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் துணி இறக்கை காற்றைப் பிடித்து எழும்பும். பிறகு பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு, என் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேய்ச்சல் நிலத்தில் அதே பலகையோடு வழுக்கிக்கொண்டே இறங்குவார்கள். அதைக் கீழேயிருந்து பார்ப்பதற்கும் அழகாகத்தான் இருக்கும்.

நான் கீழே வாக்கி-டாக்கியோடு நிற்பேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வேன். எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த நிலத்தின் குறுக்கே பழைய ஆட்டுப்பட்டியின் கல்சுவர் ஒன்று இருக்கிறது. முழங்கால் உயரம்தான். பனி விழுந்தால் மறைந்துவிடும், மேலே பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும். அது எங்கே ஓடுகிறது என்று தெரிவதற்காக ஊசியிலை மரத்தின் கிளைகளை வெட்டிச் சுவர் நெடுக நட்டு வைப்பேன். புதுப் பனி விழுந்து மூடினால் மறுபடியும் நடுவேன். ஒரு தடவைகூட அதில் தவறியதில்லை. என்னை நம்பித்தான் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார்கள்.

அந்தக் குளிர்காலம் மெராப் எலிசோவை அழைத்து வந்தான். குத்தாயிசி நகரத்தில் பல் டாக்டராக இருந்தாள். நன்றாகப் பறப்பாள், மெராப் அளவுக்கு இல்லை. சத்தமாகச் சிரிப்பாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். நல்ல பெண், ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் கறி வைத்த கின்காலிக் கொழுக்கட்டை வேகவைத்து எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வாழ்த்துச் சொல்லிக் கோப்பை தூக்க வேண்டியது கோச்சாவின் முறை. மெராப் அவனை முந்திக்கொண்டான்.

"டேய், ஒரு விஷயம். எலிசோவுக்குப் போலந்துல வேலை கிடைச்சிருச்சு. பனி உருகினதும் நானும் கூடப் போறேன்."

"போலந்துக்கா?" என்றான் கோச்சா. "அங்க போய் எங்கடா பறப்ப? அடுக்குமாடி மொட்டை மாடியிலருந்தா?"

"குதிக்கட்டும், பரவால்ல" என்றாள் எலிசோ. "பல்லு போனா நான் கட்டி விடுறேன். ஓசியிலயே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள்தான் கவனித்தாள்.

"ரேசோ அண்ணா, நீங்க ஒண்ணுமே சொல்லலியே. நீங்களும் எங்ககூட வந்துடுங்களேன்."

"அங்க வந்து நான் என்னம்மா பண்ணப்போறேன்?"

"எங்க பிள்ளைங்களுக்குச் சறுக்கக் கத்துக் குடுப்பீங்க. வேற யாரு குடுப்பா?"

அவள் மனசாரத்தான் சொன்னாள். விறகு எடுக்க நான் வெளியே போனபோது மெராப்பும் பின்னாலேயே வந்தான்.

"என்னடா மூஞ்சி இது? குளிர்காலம் வந்தா வந்துடப்போறேன். நீ கிளைய நட்டு வை, நான் வந்து இறங்குறேன்."

"போனவங்க யாருமே வரலடா, மெராப்."

"அவங்களும் நானும் ஒண்ணாடா?"

எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போனவர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் நிதானமாக யோசித்தேன். அவனுக்குக் கால் உடைந்தால் அவனால் போக முடியாது. எலிசோவுக்கு வேலையில் சேர வேண்டிய நாள் முடிவாகிவிட்டது, அவள் போயாக வேண்டும். அவன் இங்கே இருப்பான். நான் சூப் வைத்துக் கொடுப்பேன். என் முதுகில் வலு இருக்கிறது, கொல்லைப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அவனும் யோசிக்க ஒரு குளிர்காலம் கிடைக்கும். அதற்குப் பிறகும் போக வேண்டுமென்று தோன்றினால் போகட்டும். அவன் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்ய நினைத்தேன், அவ்வளவுதான்.

அது நடந்த அன்றைக்கு விடியற்காலையோடு பனி நின்றிருந்தது. வானம் வெளுப்பாக மூடிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் பனியில் நிழல் விழாது. மேடு எது பள்ளம் எது என்று தெரியாது, வானமும் தரையும் ஒரே பாலாக இருக்கும். அவர்கள் மேலே போனார்கள். நான் கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனேன். கட்டைக் கீழே சுவரோரம் போட்டுவிட்டு நின்றேன். பழைய கிளைகள் பனியில் புதைந்து போயிருந்தன. நான் புதிதாக நடவில்லை. நான் செய்தது அவ்வளவுதான் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. சில கிளைகளின் நுனி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவற்றைப் பிடுங்கினேன்.

முதலில் இறங்குவது எப்போதும் மெராப்தான். காற்று எப்படி என்று அவன் இறங்கிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கிளம்புவார்கள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கம்.

"ரேசோ, கீழ காத்து எப்படிடா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"நல்லாருக்கு. வா" என்றேன்.

முகட்டைத் தாண்டி வந்தது ஆரஞ்சு நிற இறக்கை. மெராப்பின் இறக்கை நீலம். இந்தத் தடவை நான் முதலில் போகிறேன் என்று எலிசோ அடம்பிடித்தாளாம், அவனும் சரியென்று விட்டுவிட்டானாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

முன்பு உங்கள் ஆட்கள் விசாரித்தபோது, குளிரில் என் வாக்கி-டாக்கியின் பேட்டரி போய்விட்டது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அது போகவில்லை. அவள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ரேசோ அண்ணா, எங்க இறங்கட்டும்? எனக்கு ஒண்ணுமே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு."

கருவி என் கையில் இருந்தது, கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. இடது பக்கம் திரும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு இன்னும் உயரம் இருந்தது. நேரமும் இருந்தது, ஐயா.

"அண்ணா? கேக்குதா?"

நான் அவளுடைய பாதை எங்கே போய் முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மேலேயிருந்து மெராப்பின் குரல் வந்தது.

"எலிசோ, பயப்படாத. ரேசோ கிளை நட்டிருப்பான். கிளை இல்லாத இடத்துல நேரா இறங்கு."

அவள் நேராக இறங்கினாள். அழகாகத்தான் இறங்கினாள். பலகை பனியைத் தொட்டது, கொஞ்ச தூரம் வழுக்கியது, பிறகு நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் கல்தான் கிடக்கிறது. இறக்கை மெதுவாக வந்து அவள்மேல் விழுந்து மூடியது.

மெராப் இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் இறங்குவான். அதனால் நான் முதலில் கிளைகளை நட்டேன். கட்டு பக்கத்திலேயே கிடந்தது. சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், வழக்கமாக நடுவது போலவே, இடைவெளி பார்த்து நட்டேன். நடும்போது துணிக்கு அடியில் அசைவு தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று புரியவில்லை. நட்டு முடித்துவிட்டுத்தான் போனேன். துணியை விலக்கியபோது கண்கள் திறந்திருந்தன, என்னைப் பார்த்தன என்றுதான் நினைக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டேன். மெராப் வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டாள்.

அவன் சரியான இடத்தில், கிளைகளுக்கு இந்தப் பக்கம், பத்திரமாக இறங்கினான். ஓடி வந்தான். கிளைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கிளை இருந்துச்சே, இருந்தும் அவளுக்குத் தெரியலியே. நான்தானே நேரா இறங்குன்னு சொன்னேன். நான்தானே முதல்ல போகவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கோச்சா வந்து அவனைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. உங்கள் ஆட்களும் கிளைகளைப் பார்த்தார்கள். வெளிச்சம் மோசம், கண்ணுக்குத் தெரிந்திருக்காது, விபத்து என்று முடித்தார்கள்.

மெராப் போலந்துக்குப் போகவில்லை. என் வீட்டிலேயே தங்கிவிட்டான். அவன் கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவன் எங்கேயும் நடப்பதில்லை. நான் சூப் வைத்துக் கொடுக்கிறேன், இரண்டு வாய் குடிப்பான். தாடி வளர்ந்தால் நானே கத்தரித்து விடுகிறேன். நார்திப் பலகையை விரித்து வைப்பேன், அவன் பகடையை உருட்டிவிட்டு எண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பான். தோற்றாலும் இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. தூக்கத்தில் "நேரா இறங்கு" என்று சொல்வான். நான் எழுந்துபோய் நெற்றியைத் தடவிக் கொடுப்பேன். அப்போது அவன் என் கையைப் பிடித்துக்கொள்வான். அவனுடைய அம்மாகூட இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று கோச்சாவே சொன்னான். கோச்சா இப்போது அதிகம் வருவதில்லை.

நேற்று மெராப் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தான். வெகு நாளைக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் ரேசோ, நான் போறேன்டா. எலிசோவோட தம்பி போலந்துல இருக்கான். வா, சேர்ந்து இருக்கலாம்னு கூப்பிடுறான். இந்த நிலத்தப் பாத்துட்டே இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

"எப்ப வருவ?" என்று கேட்டேன்.

"இல்லடா. இந்த மலைக்கு இனி வர மாட்டேன்." பிறகு என்னைக் கட்டிக்கொண்டான். "நீ எனக்குப் பண்ணினத எவனும் எவனுக்கும் பண்ண மாட்டான்."

டிக்கெட் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விமானம்.

இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அவன் செய்யாத குற்றத்தை அவன் சுமந்துகொண்டு போகக் கூடாது. அது நியாயமில்லை. அவனிடமே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்களிடம் சொல்வதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

எலிசோவைக் கொன்றது நான். அவள் கேட்டாள், எனக்குக் கேட்டது, நான் பதில் சொல்லவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எத்தனை வருடம் கொடுத்தாலும் சரி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மேலேயிருந்து அவளிடம் கடைசியாகப் பேசியது மெராப். அவன்தான் முக்கியமான சாட்சி. வழக்கு முடியும்வரை சாட்சி நாட்டைவிட்டுப் போக முடியாது, இல்லையா? இந்த மாதிரி வழக்கெல்லாம் ஒரு குளிர்காலமாவது இழுக்கும் என்று சொல்கிறார்கள். விமானம் ஞாயிற்றுக்கிழமை, ஐயா. அதற்குள் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிடுவீர்கள்தானே?