துறைமுகத்தில் ஸ்பெயின் ஜிப்சம்

— காபி வேண்டாம் விபெகே. முதல்ல பதில் சொல்லு. துறைமுகத்துல நிக்கிற ஸ்பெயின் கப்பல்லேர்ந்து உன் லாரிங்க எதை ஏத்திக்கிட்டு வருது?

— ஜிப்சம். அதைக் கேக்கத்தானே இந்தக் குளிர்ல சைக்கிள் மிதிச்சிருக்க, ப்ரெபென். மூக்கு செவந்து கிடக்கு. உட்காரு.

— உட்காரல. எங்க மின்நிலையத்துக் கொதிகலன் புகையைக் கழுவி எடுக்கிற ஜிப்சம் மொத்தமும் சுவர்ப்பலகை செய்ய உன் ஆலைக்குத்தான் வருது. நடுவுல ஒரே ஒரு ரோடு. அது பத்தலையா?

— பத்திச்சு. இதுவரைக்கும்.

— சரக்குல குறையா? கொதிகலன் ஃபோர்மேன் நான். என்கிட்ட சொல்லியிருந்தா சரிபண்ணியிருப்பேன்ல?

— குறையே இல்ல. உங்க சரக்கு மாதிரி எங்கயும் கிடைக்காது.

— அப்புறம் ஏன் ஒளிச்ச? நம்ம ஊர் ஆலைங்களுக்குள்ள இருக்கிற முறை என்ன? எது மாறினாலும் சொந்த ஆளுங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே பக்கத்து ஆலைக்குச் சொல்லணும். கொதிகலன்ல ஒரு குழாய் ஒழுகுதுன்னு, சர்ச்சுல பொண்ணுக்குத் திடப்படுத்தல் முடிஞ்ச விருந்துல பாதியில எழுந்து உனக்குப் போன் போட்டவன் நான். டென்மார்க்கே நம்மளைப் பார்த்துக் கத்துக்கணும்னு மேடையேறிப் பேசினவ நீ.

— பேசினேன். இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

— நல்லா சொல்லு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவன் எங்க கேன்டீன்ல வந்து சொல்றான், எங்க பசங்க எல்லாம் என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க. விபெகே அப்படிச் செய்யமாட்டாள்னு அடிச்சுப் பேசினேன். அசிங்கமாப் போச்சு.

— என்னைத் திட்டிக்கோ. ஆனா திங்கக்கிழமை வரைக்கும் எதுவும் கேக்காத. வாக்குக் குடுத்திருக்கேன்.

— யாருக்கு, ஸ்பெயின்காரனுக்கா?

— உங்க இயக்குநருக்கு.

— ஹென்னிங்குக்கா? அவருக்கும் இந்தக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

— திங்கக்கிழமை உங்க எல்லாரையும் கூப்பிட்டுப் பேசுவார். வீட்டுக்குப் போ ப்ரெபென், தயவுசெஞ்சு.

— போகமாட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு இங்கயே நிப்பேன். இத்தனை வருஷத்துல நீ என் கண்ணைப் பார்க்காம பேசினதில்ல. என்ன பேசப்போறார்?

— காபியாவது குடி, ப்ரெபென்.

— விபெகே.

— கொதிகலனை அணைக்கிறாங்க. திரும்பவும் மூட்டமாட்டாங்க. முறைப்படி எனக்குத்தான் முதல்ல போன் வந்துச்சு.