கழுவாத வண்டி

— கைய எடு பெருசு. அந்த டாங்கு மேல இன்னொருக்க வெரலு பட்டுச்சு, வெரலு இருக்காது, சொல்லிப்புட்டேன்.

— வண்டி வாங்க வந்த மனுசன் தொட்டுப் பாக்காம எப்பிடி மச்சான் வாங்குவாரு? நாந்தான் வரச் சொன்னேன்.

— நீ யாரு ரோகிணி வரச் சொல்ல? எந்தம்பி வண்டி இது.

— எம்புருசன் வண்டி. ஆர்.சி. புக்குல விருமாண்டின்னு இருக்கு, பேயாண்டின்னு ஒங்க பேரு இல்ல. சத்தம் போடாதீக. எம்புள்ள சூரியா பம்புசெட்டுல குளிச்சுக்கிட்டு இருக்கான்.

— கேக்கட்டுமே. அவனுக்குத் தெரியாததா? ஏ பெருசு, ஒனக்கு எந்த ஊரு?

— இப்பச் சமயநல்லூருங்க தம்பி. பழைய இரும்புக் கடையில இருக்கேன். டயரெல்லாம் மக்கிப் போச்சு, சீட்டுக்குள்ள கோழி முட்ட போட்டுருக்கு, செயினு இறுகிக் கெடக்கு. இத எதுக்கு இம்புட்டு நாளு வச்சிருந்தீங்க?

— எதுக்கா? நல்லா முழிச்சுப் பாரு. டாங்குலருந்து சைலன்சரு வரைக்கும் கருப்பா ஓடியிருக்கே, துருன்னு நெனச்சியா? எந்தம்பி ரத்தம்யா. போலீசு ஸ்டேசன்லருந்து இந்த ராஜ்தூத் வண்டிய மீட்டுக் கொண்டாந்த அன்னைக்கே ஊரு முன்னால சொன்னேன். ஒருத்தனும் கழுவக் கூடாது, ஒருத்தனும் ஓட்டக் கூடாது. எந்தம்பிய வெட்டுன அந்தக் கண்ணுச்சாமிப் பய கழுத்த அறுத்து, அவன் ரத்தத்த இது மேல ஊத்துன பெறகுதான் இதுல தண்ணி படணும். வருசா வருசம் சிவராத்திரிக்குக் குலசாமிப் பெட்டி தூக்குறதுக்கு முந்தி, இந்த டாங்குல கைய வச்சுச் சத்தியம் பண்ணிட்டுத்தான் கோயிலுக்கே போறேன்.

— சத்தியம் பண்ணுவீக. ஊரே ஒங்களுக்கு மொத எல போடும். கறியத் தின்னுட்டு, சத்தியத்த அடுத்த சிவராத்திரிக்குத் தள்ளிவிட்ருவீக.

— ஏய்! வாயக் கிழிச்சுக் காதோட தச்சிருவேன்.

— தைங்க. போன வருசம் அறைஞ்ச அறையில இந்தக் காது இன்னும் கேக்கல. இன்னொரு காதையும் முடிச்சு விட்ருங்க.

— தம்பி, அருவாள எறக்குங்க. பொம்பளைகிட்ட எதுக்கு அது?

— நீ பொத்து! இது அவளுக்கு இல்ல, கண்ணுச்சாமிக்குத் தீட்டி வச்சது. பதினாலு வருசம் கழிச்சு, போன ஆடியில அவன செயில்லருந்து விட்டுட்டாங்களாம். தெரியுமா ஒனக்கு?

— தெரியும்ங்க. தேடிப் போகலையா?

— எனக்குச் சக்கர வந்துருச்சுய்யா. குதிகால்ல புண்ணு ஆற மாட்டேங்குது. என்னால முடியலேன்னா சத்தியம் செத்துப் போயிருமா? சூரியபிரகாசு இருக்கான்ல, வெட்டுப்பட்டவன் பெத்த புள்ள. மீச மொளச்சிருச்சு. இன்னைக்குச் சிவராத்திரி. பொழுது சாய, இந்த டாங்குல அவன் கையப் புடிச்சு வச்சு, அருவாள அவங்கிட்டக் குடுத்துருவேன். இனி அவம்பாடு.

— கேட்டுக்கங்க. பாலிடெக்னிக்ல படிக்கிற பய. லீவுக்கு வந்தவன் கையில மஞ்சக் காப்பக் கட்டி விட்டுட்டாக. நாலு நாளா எங்கூடப் பேச மாட்டேங்கிறான். தனியா ஒக்காந்து கைய மொறச்சு மொறச்சுப் பாக்குறான். வண்டி இன்னைக்கே வாசலத் தாண்டணும். வண்டி இல்லேன்னா சத்தியமும் இல்ல. எனக்கு இருக்குறது ஒத்தப் புள்ள, மச்சான்.

— வண்டி தாண்டுச்சு, பின்னாலேயே ஒம் பொணமும் தாண்டும்.

— அந்தக் கண்ணுச்சாமி எதுக்க வந்தா ஒங்களுக்கு அடையாளம் தெரியுமா தம்பி?

— தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். காது வரைக்கும் மீச, கெடா மாதிரி கழுத்து. ஒன்னய மாதிரி மொட்டத் தலையும் பொக்க வாயுமாவா இருப்பான்?

— கோர்ட்டுல பாத்தீங்களோ?

— கோர்ட்டுக்கு நான் போகல. போயிருந்தா தல்லாகுளம் கோர்ட்டு வாசல்லயே அவன் தலைய உருட்டியிருப்பேன். அதுக்காகத்தான் பெரியாளுக என்னய அமுக்கி வச்சாக.

— நாந்தான் போனேன், ஒவ்வொரு வாய்தாவுக்கும். இவுக வீட்டுல படுத்திருந்தாக.

— நீ சும்மா இருடி! கேளு பெருசு. கெணத்துத் தண்ணிக்கு அவனும் நாங்களும் மொற வச்சுப் பாய்ச்சுறது. ஒரு நா மொற மாறிப் பாஞ்சதுக்கு ஒரு உசுரு! எந்தம்பி பாட்டுக்கு வண்டியில வந்துக்கிட்டு இருந்தான். வாய்க்கா மறைவுல பதுங்கியிருந்து முதுகுல வெட்டுனான், பொட்டப் பய.

— முதுகுல இல்ல தம்பி.

— என்னது?

— முன்னால நின்னுதான். அவரு வண்டிய நிப்பாட்டிட்டு எறங்குனாரு. மோட்டார எவன்டா போட்டதுன்னு கேட்டாரு. மொத வெட்ட கையால மறிச்சாரு. ரெண்டு வெரலு இந்த டாங்கு மேலதான் விழுந்துச்சு. அடுத்தது கழுத்துல. வண்டியப் புடிச்சுக்கிட்டே சாஞ்சாரு, வண்டியும் அவரு மேல சாஞ்சுச்சு. எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டே கெடந்துச்சு தம்பி. அத எப்பிடி நிப்பாட்டுறதுன்னு எனக்குத் தெரியல. செயில்ல படுத்தாலும் அந்தச் சத்தந்தான்.

— ரோகிணி... யார்றி இவன்?

— ஏன் பின்னால போறீக? கிட்ட வந்து பாருங்க. இவருதான் கண்ணுச்சாமி. ஊரு ஊரா விசாரிச்சு, நாந்தான் போய்க் கூட்டியாந்தேன்.

— பொய் சொல்லாத! அவன் இப்பிடியா இருப்பான்?

— நாந்தான் தம்பி. அந்தம்மா வந்து எம்புள்ளையக் காப்பாத்துன்னு நின்னுச்சு. அது புருசன வெட்டுனவங்கிட்ட வந்து நிக்குதே, எப்பிடி மாட்டேங்கிறது? வெட்டுறதுன்னா வெட்டுங்க, நான் ஓட மாட்டேன். இல்லேன்னா வண்டியக் குடுங்க. சம்மட்டியால துண்டு துண்டா ஒடச்சு எடைக்குப் போட்டுர்றேன். அந்தப் பய படிக்கட்டும்.

— என்ன மச்சான் பாக்குறீக? அருவா ஒங்க கையில. ஆளு ஒங்க முன்னால, துண்ட எடுத்துப் போட்டுட்டுக் கழுத்தக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. வெட்டுங்க. முடியலையா, கீழ போடுங்க. ரெண்டுல எதச் செஞ்சாலும் எம்மகன் தப்பிச்சிருவான்.

— ஏய்... நீ... அங்கனயே நில்லு! கிட்ட வராத!

— அவரு நின்ன எடத்துலதான் நிக்கிறாரு. நீங்கதான் செவுத்துல போயி முட்டிக்கிட்டு நிக்கிறீக. போட்டுட்டு உள்ள போங்க மச்சான். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சாமி சத்தியமாச் சொல்ல மாட்டேன்.

— சூரியா! டேய் சூரியா! குளிச்சது போதும், ஈரத்தோட ஓடியாடா! ஒங்கப்பன வெட்டுனவன் நம்ம வாசல்ல நிக்கிறான்டா... அருவா எங்கையிலதான் இருக்கு, வந்து வாங்கிக்க!