துப்பியவன் பேசுகிறேன்

மாலைக் கடைத்தெருவின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தள்ளுவண்டித் தோழர்களே, தினமும் எங்களிடம் தின்று எங்களையே திட்டுகிற தங்கமான வாடிக்கையாளர்களே, வணக்கம்!

கோபத்தோடு வந்திருக்கிறேன்.

யாரோ எடுத்துக் கைப்பேசியில் பரப்பிய ஒரு படம் பார்த்தீர்களே? சூப்பு அக்கா கிண்ணத்தை நீட்டுகிறார். பக்கத்துக் கடைக்காரன் ஒரு வாய் குடிக்கிறான், முகம் சுளிக்கிறான், துப்புகிறான். பார்த்தது ஊர்! பதறியது நகராட்சி! பறிபோனது அக்காவின் வண்டி!

துப்பியவன் யார்? மீன் வறுக்கும் நான்தான்!

யாரது, "அப்புறம் ஏன்யா துப்புனே?" என்று கேட்பது? கேளுங்கள் ஐயா! அந்தக் கேள்வியை அதிகாரி கேட்டிருந்தால் எனக்கு இந்த மேடையே தேவைப்பட்டிருக்காது.

நம் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் தட்டு வாடிக்கையாளருக்கு அல்ல, பக்கத்துக் கடைக்கு! அவர் வாயில் வைத்து 'சரி' என்றால்தான் வியாபாரம். அவரவர் சமையல் அவரவருக்கு மணக்கத்தானே செய்யும்? அக்காவின் சூப்பை நான் சுவைப்பேன். என் மீனை அக்கா சுவைப்பார். ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது மீனா, செருப்பா?" என்று தெருவே சிரிக்கக் கேட்டார். அன்று பூனைகளுக்கு விருந்து! சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

அந்தப் படம் எடுத்த மாலையில், "அக்கா, அடிப்பிடிச்சிருச்சு" என்றேன். "அப்படியா? கொட்டிடறேன்பா" என்றார். முழுப் பானையையும் சாக்கடையில் கவிழ்த்தார். அதைப் பிடித்ததா அந்தக் காமிரா? நான் துப்பியதோடு மூட்டை கட்டிவிட்டது!

நகராட்சியில் போய்ச் சொன்னேன். "நீங்களே துப்பிட்டு, நீங்களே வக்காலத்து வாங்குறீங்களா?" என்று சிரித்தார் அதிகாரி. பெரியோர்களே, கெட்டதை விற்றவருக்கல்லவா தண்டனை? கொட்டியவருக்கா தண்டனை? அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "ஊரே பாத்துச்சே தம்பி, இனி எந்த மூஞ்சியோட கரண்டி பிடிப்பேன்?" என்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். அந்த அழுகைக்கு யார் பதில் சொல்வது?

நான் சொல்கிறேன்! அக்கா சுவைக்காத மீனை நான் விற்கமாட்டேன். என் அடுப்பு எரியாது, கடைப்பக்கமே வரமாட்டேன். நான் சுவைக்காத சோளத்தைச் சோளக்கடை அண்ணன் விற்கமாட்டார். அவர் சுவைக்காததை அடுத்த வண்டி விற்காது. அதோ, கடைசி வண்டிவரை கை தூக்குகிறார்கள், பாருங்கள்! ஒரு வண்டியைத்தானே தூக்கினோம் என்று நினைத்தீர்களா அதிகாரிகளே? தெருவையே தூக்கிவிட்டீர்கள்! அந்த வண்டியை நீங்களே தள்ளிக்கொண்டு வந்து, அக்காவின் வாசலில் நிறுத்துகிறவரை இங்கே ஒரு தீக்குச்சியும் உரசப்படாது!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பசியோடு கேட்டவர்களுக்கும் நன்றி. இன்று எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். வணக்கம்!