ஒரு லீட்டருக்கு ஒன்பது கிராம்

கடல் தண்ணீரை நீர்கொழும்பிலிருந்து யட்டியாந்தோட்டைக்கு பஸ்ஸில் கொண்டுவருவதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. இருபது லீட்டர் கேன் இரண்டு, மூடிக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் ஷீட், அவ்வளவுதான். கொன்டக்டர் முறைப்பான். கோயிலுக்குத் தீர்த்தம் என்று சொன்னால் பேசாமல் போய்விடுவான். ஐந்து வருடம் அப்படித்தான் கொண்டுவந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை. நான் எதையும் கவனமாகச் செய்கிறவன் என்பது உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

இன்ஸ்பெக்டர் மஹத்தயா, நேற்று நீங்கள் சிங்களத்தில் எழுதி வாசித்துக் காட்டியது பெரும்பாலும் சரிதான். எனக்குச் சிங்களம் உங்கள் அளவுக்குத் தெரியும். ஆனால் அதில் 'ஏமாற்றி' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன். என் கையால் தமிழில் எழுதித் தருகிறேன். யாரையாவது பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை மட்டும் எங்கேயும் சேர்க்க வேண்டாம்.

பெயர் ராமச்சந்திரன். வயது நாற்பத்துநான்கு. ரப்பர் தோட்டத்துப் பெக்டரியில் பால் நிறுக்கிறவன். பால் வெட்டுகிறவர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். மெட்ரோலக் என்று ஒரு குழாய், பாலின் கெட்டியை அளப்பது, அதை வாளிக்குள் இறக்கி எண்ணைப் பார்ப்பேன். நிறை கூட வேண்டுமென்று தண்ணீர் ஊற்றியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அழுவார்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் இரங்கியதில்லை. கலப்படம் கலப்படம்தான்.

என் வீட்டைச் சோதனை போட வந்த உங்கள் ஆட்கள் தராசையும் வெள்ளைப் பவுடரையும் ஓடிக்கொண்டிருந்த மோட்டரையும் பார்த்துவிட்டு, குண்டு என்று பயந்து முற்றத்துக்குப் பாய்ந்தார்கள். தமிழன் வீடு, யுத்தம் நடக்கிற வருடம். அவர்கள் மேல் நான் குறை சொல்லவில்லை. பவுடர் உப்பு. மோட்டர் மீன் தொட்டிக்குக் காற்று அடிப்பது.

தொட்டி இரண்டடி நீளம்தான். 2003இல் வாங்கினேன். யட்டியாந்தோட்டை பஜாரில் ரேடியோ திருத்தும் நிலாமின் மச்சான் நீர்கொழும்பில், வெளிநாட்டுக்கு மீன் அனுப்பும் இடத்தில் வேலை பார்த்தான். அவன் மூலமாக ஒரு ஜோடி வந்தது. விரல் நீளத்தில் ஓர் உளுவை மீன், அதைவிடச் சின்னதாக ஓர் இறால். வந்த அன்று மத்தியானம் தொட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். என் மனைவி துஷ்யந்தி குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"தொட்டி ஒடைஞ்சிருச்சாங்க?"

"ஒடைய இல்ல தங்கச்சி, எறா கைய சொடுக்குது" என்று மீனைக் கொண்டுவந்திருந்த நிலாம் சிரித்தான்.

அந்த இறாலுக்கு ஒரு கை பெரிது. அதைச் சொடுக்கினால் கண்ணாடி வெடித்தது போலக் கேட்கும். துஷ்யந்தி தொட்டியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் சோறு தீய்ந்தது. அப்போது அவளுக்கு நன்றாகக் கண் தெரிந்தது.

இந்த ஜோடியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் என்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. இறாலுக்குப் பார்வை மட்டம். ஆனால் மண்ணைத் தோண்டி வீடு கட்டும். மீனுக்குத் தோண்டத் தெரியாது. கண் மட்டும் கூர்மை. அதனால் இரண்டும் ஒரே வளையில் இருக்கும். மீன் வாசலில் காவல் நிற்கும். இறால் மண் தள்ள வெளியே வரும்போதெல்லாம் மீசையை மீனின் மேல் தொட்டபடி வரும். மீன் வாலைச் சிலுப்பினால் ஆபத்து என்று அர்த்தம், உடனே உள்ளே போய்விடும். மீனைத் தொடாமல் அது ஓர் அங்குலம் நகராது. இதைவிட ஒழுங்கான குடித்தனத்தை நான் பார்த்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் துஷ்யந்திக்குக் கண்ணில் பிரஷர் என்று தெரியவந்தது. அவள் தோட்டப் பாடசாலையில் டீச்சர். பக்கத்தில் வரும் பிள்ளைகள் தெரியாமல் இடித்துக்கொண்டிருந்தாள். அவிசாவளையில் டொக்டர் தெளிவாகச் சொன்னார். இது குணமாகாது, ஆனால் சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் இருக்கிற பார்வை அப்படியே நிற்கும். விடாவிட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது வராது. எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

அவளுக்குத் தானே மருந்து விடப் பயம். இமை மூடிக்கொள்ளும். அதனால் தினமும் மாலையில் அவள் தலையை என் மடியில் வைத்து நான்தான் விட்டேன். முதல் மாதங்களில் சரியான மருந்தைத்தான் விட்டேன். அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வருடம் சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. லயத்துக்கு வருவதும் குவாட்டர்ஸுக்கு வருவதும் ஒரே கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்கு, கந்தோருக்குத்தான் வரும், பெக்டரி ஆட்கள் நாங்கள்தான் பிரித்துக் கொடுப்போம். இதை மறந்துவிட்டு அவள் அந்த விலாசத்தையே கொடுத்திருந்தாள். கொட்டகலையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், தையில் சேர வேண்டும். விண்ணப்பம் போட்டதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்துவிட்டு உறையை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ரெண்டு வருஷந்தாங்க. லீவுக்கு லீவு வந்துருவேன்" என்றாள்.

"மருந்து?"

"அங்க கூட இருக்குற பிள்ளைங்க விட்டு விடுவாங்க. நானே பழகிக்கிறேன்."

"சரி, போய்ட்டு வா" என்றேன். சத்தம் போடவில்லை. அவளை நான் ஒருநாளும் அடித்ததும் இல்லை. லயத்தில் எந்தக் கதவைத் தட்டி வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

அன்று வெகுநேரம் தொட்டியின் முன்னால் இருந்தேன். இறாலுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருந்தால் அது மீனைத் தேடுமா? எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்கவில்லை. பெக்டரியில் என்னை ஒருவருக்கும் பிடிக்காது. பால் வெட்டுகிற பெண்கள் என் காது படவே திட்டுவார்கள். வீட்டில் ஓர் ஆள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் 'ஏங்க' என்று கூப்பிடுகிறது. அதுவும் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

மறுநாள் மருந்துப் போத்தலை வாழையடியில் கவிழ்த்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, உப்புச் சேர்த்து அதில் நிரப்பினேன். ஒரு லீட்டருக்கு ஒன்பது கிராம். அது கண்ணீரின் அளவு, கண்ணில் பட்டால் கொஞ்சமும் எரியாது. கடல் தண்ணீரில் முப்பத்தைந்து கிராம் இருக்கிறது. அதைக் கண்ணில் விட நான் மிருகம் இல்லை. மாதாமாதம் கிளினிக்கில் புதுப் போத்தல் வாங்கினோம், மாதாமாதம் மாற்றினேன். நான்கு வருடம். இதுதான் நீங்கள் கேட்டது.

மார்கழியில் நடந்த வைத்தியப் பரிசோதனையில் பார்வை போதாது என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி இல்லாமல் போனது. அடுத்த வருடம் பள்ளிக்கூடமும் போனது. வலது கண் முழுதாக இருண்டது. டொக்டர் இரண்டு தடவை மருந்தை மாற்றினார், ஆபரேஷன் என்றும் சொன்னார். அவளுக்குப் பயம் என்று நான் அவரிடம் சொன்னேன். உன் உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்கிறார் என்று அவளிடம் சொன்னேன்.

ஆனால் நான் செய்ததில் பாதியை மட்டும் எழுதினால் எப்படி? அவள் சேலையைத் துவைத்தது யார்? தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டது யார்? மீனில் முள் எடுத்துக் கொடுத்தது யார்? மாலையில் அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு வருவாள், நான் முன்னால் போவேன். படி என்றால் படி, பள்ளம் என்றால் பள்ளம். கோயில்வரை போய் வருவோம். "புருசன்னா இப்புடில்ல இருக்கணும்" என்று என்னைத் திட்டிய அதே பெண்கள் சொன்னார்கள். தோட்டமே பார்த்தது. நான் சந்தோசமாக இருந்தேன். அவளும் இருந்தாள் என்றே நினைக்கிறேன்.

வந்ததும் அவளைத் தொட்டியின் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளே நடப்பதைச் சொல்வேன். இப்போது இறால் ஒரு கல்லைத் தள்ளுகிறது, மீன் வாசலில் நிற்கிறது என்பேன். "ஆமாங்களா" என்று கேட்டுக்கொள்வாள். 'டக்' என்று கேட்டால் சிரிப்பாள்.

ஒரே ஒரு தடவைதான் கேள்வி கேட்டாள். 2006இல், கிளினிக்கில் நர்ஸ் மருந்து விட்டு, நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த நாள்.

"ஏங்க, அங்க விட்டா தொண்டையில கசக்குது. வீட்டுல விட்டா உப்புக் கரிக்குதே?"

"கம்பனி வேற" என்றேன்.

"சரிங்க" என்றாள். அதோடு முடிந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். அதற்கு அடுத்த கிளினிக்கிலேயே பிரஷர் இறங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அதன் பிறகு ஏறவே இல்லை. கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் விட்டது தண்ணீர் என்றால், அந்தத் தண்ணீரில் கெடுதல் இல்லை என்றுதானே அர்த்தம்? இதை நான் கோர்ட்டிலும் கேட்பேன்.

போன திங்கட்கிழமை நான் பெக்டரியில் இருந்தபோது அவள் வீட்டைவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தீர்கள். இன்று காலை அவளுடைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். நர்ஸ் மருந்து விட்ட அன்றே அவளுக்கு விளங்கிவிட்டதாம். அவளோடு படிப்பித்த நிரோஷா டீச்சர் அவிசாவளைக் கடையில் வேறு போத்தல் வாங்கி இரகசியமாகக் கொடுத்தாளாம். நான் வேலைக்குப் போன பிறகு, இமையை விரலால் விரித்துப் பிடித்து, தானே விடப் பழகிக்கொண்டாளாம். இடது கண்ணில் ஒரு வட்டம் அளவுக்குப் பார்வை நின்றுவிட்டதாம். அதை வைத்து இரண்டு வருடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். நான் தராசில் உப்பு நிறுத்ததை, போத்தலில் ஊற்றியதை, எல்லாம். பார்வை இருப்பது எனக்குத் தெரிந்தால் வேறு என்ன செய்வேனோ என்று பயந்து, தெரியாதவள் போல நடந்தாளாம். எங்கேயோ நிரோஷாவின் வீட்டுப் பக்கம் ஒரு வேலை கிடைக்கும்வரை காத்திருந்தாளாம்.

அதற்குச் சாட்சியாக ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தீர்கள். "மீன் செத்து பதினொரு மாதமாகிறது. அது வாசலில் நிற்கிறது என்று அவர் தினமும் சொல்வார். நான் ஆமாங்களா என்பேன்."

மீன் செத்தது உண்மை. மூடியைச் சரியாகப் போடவில்லை, ஒருநாள் துள்ளி வெளியே விழுந்துவிட்டது. அல்மாரிக்குப் பின்னால் காய்ந்து கிடந்ததை நான்தான் எடுத்தேன். அவளுக்கு இருக்கிற துக்கம் போதாதா என்று நினைத்து அவளிடம் சொல்லவில்லை. இறால் மட்டும் உள்ளே இருக்கிறது. வெளியே வருவதில்லை.

இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்கள். பதில் இதுதான். மருந்தை மாற்றியது நான். கண்ணைப் போக்கியது நான். அதற்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுங்கள், குனிந்து நிற்க மாட்டேன். ஆனால் அவளுக்குப் பார்வை இருந்தது என்பது பொய். மீன் விசயத்தை நிரோஷா எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருப்பாள். எந்த டொக்டர் வந்து சத்தியம் செய்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இரண்டு வருடமும் ஒரு மாலைகூடத் தவறாமல் அவள் என் தோளில் கை வைத்து நடந்திருக்கிறாள். கண் தெரிந்திருந்தால் அவள் என்னைத் தொட்டிருக்கவே மாட்டாள்.