நாலு நாள் சரக்கு போதும் என்றவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணியாரே, மறைந்தவரோடு தோளுரசி நின்ற தொழிலாளத் தோழர்களே, வணக்கம். கொள்முதல் பிரிவின் தலைவனாகப் பேசுகிறேன். வெறுமனே புகழ்ந்துவிட்டு இறங்க நான் வரவில்லை.

நம் விநியோகப் பிரிவின் தலைவரை, நாமெல்லாம் 'நாலு நாள்' என்று கேலி செய்த பெருமகனை, முந்தாநாள்தான் வழியனுப்பினோம். இன்று காலையிலேயே அவர் அமைத்த ஏற்பாட்டைக் கலைக்கும் ஆணை என் மேசைக்கு வந்துவிட்டது! நமக்கு ரப்பர் வளையம் செய்து தரும் பக்கத்துப் பட்டறைகள் மூன்றையும் நிறுத்திவிட்டு, பழையபடி கடல்கடந்த ஒரே ஆலையிடம் வாங்க வேண்டுமாம். நாளைக்குள் நான் கையெழுத்திட வேண்டுமாம்.

தோழர்களே, அதற்குள் மறந்துவிட்டோமா? பெருந்தொற்றில் துறைமுகம் மூடியது. விரல்நக அளவு ரப்பர் வளையம் வரவில்லை. நாற்பத்தொரு நாள் நாம் செய்யும் சுவாசக் கருவிகள் அரைகுறையாக நின்றன. மருத்துவமனைகள் தொலைபேசியில் கெஞ்சின. என்ன பதில் சொன்னோம்?

தொற்று ஓய்ந்ததும் கிடங்கைக் கூரைவரை நிரப்பச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் ஒருவர்தான் ஒற்றைக்காலில் நின்றார். "நாலு நாள் சரக்கு போதும்யா. செய்யறவங்க பக்கத்துல இருக்கணும், ஒருத்தரா இல்லாம மூணு பேரா இருக்கணும்" என்றார். அட்டைப்பெட்டிகளை ஒழித்துக் கூடைகளைக் கொண்டுவந்தார். அதே கூடைகள் நிரம்பி வந்தன, காலியாகத் திரும்பின, குப்பை என்று ஒன்றுமில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்குத் தெரியாமல் கேன்டீன் மாடியில் ஆறாயிரம் வளையங்களைப் பதுக்கினேன். ஆம், நான்தான்! தகரக் கூரையடியில் எட்டு மாதம் வெந்தன. ஒருநாள் அவசரத்துக்கு அவற்றில் நாற்பதை எடுத்துக் கொடுத்தேன். சோதனையில் காற்று கசிந்தது. அவர் ஒரு வளையத்தை மடக்கிப் பார்த்தார், விரிசல் விட்டது. என்னைத் தனியே அழைத்தார்.

"எதுக்குய்யா ஒளிச்சு வச்சே?"

"இன்னொரு தடவை நின்னுடுமோன்னு பயம் சார்."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? அதுக்காகச் செத்த ரப்பரை நோயாளி மூஞ்சில மாட்டுவியா?"

அந்த மூன்றில் ஒரு பட்டறைக்கு அவரே போன் போட்டார். இரண்டே மணி நேரத்தில் பட்டறைக்கார அக்கா புது வளையங்களோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். தன் பட்டறையை நிறுத்தப்போகிறார்கள் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

இயக்குநர் அவர்களே, தயவுசெய்து முகத்தைத் திருப்பாதீர்கள். அந்த ஆணையில் நான் கையெழுத்திட மாட்டேன். இவ்வளவு பேர் முன்னால் சொல்கிறேன், என்னை வெளியே அனுப்பினாலும் சரி.

அக்கா, நாளைக் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் கூடையை அனுப்புங்கள். இறக்கிக்கொள்ள நான் வாசலில் நிற்பேன்.